நியூகாசில் ரசிகர்களோடு பழகியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

2025 மார்ச் 16 அன்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் லிவர்பூலை 2-1 என்று வென்று, வடகிழக்கு இங்கிலாந்தின் கால்பந்து அணியான நியூகாசில் யுனைடெட் லீக் கோப்பையை எடுத்தது. இங்கிலாந்துக்குள் அவர்கள் பெரிய கோப்பை ஒன்றைத் தூக்கி அப்போது எழுபது வருடம் ஆகியிருந்தது. கடைசியாக 1955இல் எஃப்.ஏ. கோப்பை, பிறகு 1969இல் ஐரோப்பிய அணிகளுக்கான ஃபேர்ஸ் கோப்பை, அவ்வளவுதான். அப்புறம் 1974, 1976, 1998, 1999, 2023 என்று ஐந்து இறுதிப் போட்டிகள் ஆடினார்கள், ஐந்திலும் தோற்றார்கள். அந்த ஊர் ரசிகர்களோடு பழகிய நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

நியூகாசிலுக்குப் படிக்கப் போய், வேலையும் அங்கேயே கிடைத்து, ஹீட்டன் பகுதியில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரர். 1969இல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனவர். அணியின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கின் கேலோகேட் பக்கத்தில் அவருக்கும் அவர் தம்பிக்கும் அடுத்தடுத்த இருக்கைகள், வருடா வருடம் சீசன் டிக்கெட். அவர் வாயைக் கிளறினால் வெற்றிக் கதைகளே வராது. 1996இல் பன்னிரண்டு புள்ளிகள் முன்னிலையில் இருந்து பட்டத்தை மான்செஸ்டர் யுனைடெட்டிடம் விட்டதைச் சொல்வார். 2009இல் கடைசி நாளன்று ஆஸ்டன் வில்லாவிடம் சேம்சைடு கோல் போட்டுத் தோற்று, இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியதைச் சொல்வார்.

அடுத்த வருடக் கதைதான் எனக்குப் பிடித்தது. நாட்டின் வடகிழக்கு மூலையில் இருந்துகொண்டு தென்மேற்கு மூலையில் இருக்கும் பிளிமத்துக்கு, அதுவும் ஒரு திங்கட்கிழமை இரவு ஆட்டத்துக்கு, அண்ணனும் தம்பியும் காரில் போயிருக்கிறார்கள். போக மட்டும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். அன்றுதான் இரண்டாம் டிவிஷன் பட்டம் உறுதியானது. விடிய விடிய ஓட்டி வந்து, முகம் கழுவிக்கொண்டு நேராக வேலைக்குப் போனாராம். "அதெல்லாம் ஒரு பட்டமா என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். நாங்கள் அன்று அழுதோம்" என்றார்.

2016இல் மறுபடியும் இறங்கினார்கள். அந்த இரண்டாம் டிவிஷன் வருடத்தில்கூட ஆட்டத்துக்குச் சராசரியாக ஐம்பத்தோராயிரம் பேர் வந்தார்கள். பெனிடெஸ் என்ற பயிற்சியாளர் மேல் அவர்கள் வைத்திருந்த அன்பு அப்படி. 2019இல் அவரும் போனதும் பலருக்கு மனது விட்டுப்போய்விட்டது. மைக் ஆஷ்லி 2007இல் அணியை வாங்கியதிலிருந்தே அவர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. நடுவில் மைதானத்தின் பெயரையே அவருடைய கடையின் பெயருக்கு மாற்றியதை யாரும் மன்னிக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விட்டார்கள், தம்பி உட்பட. அண்ணன் விடவில்லை. இதில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. "அணி கஷ்டத்தில் இருக்கும்போது போய்விட்டான்" என்பது அண்ணனின் கோபம். "நீ கொடுக்கும் காசில்தான் அந்த ஆள் அணியை அழிக்கிறான்" என்பது தம்பியின் பதில். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் சமமான விசுவாசிகள். உள்ளே உட்கார்ந்து தாங்குவதும் வெளியே நின்று எதிர்ப்பதும் ஒரே அன்பிலிருந்துதான் வருகின்றன.

இறுதிப் போட்டி அன்று இருவருக்கும் டிக்கெட் கிடைக்கவில்லை. தம்பி வீட்டுக்கு வந்தார், என்னையும் கீழே கூப்பிட்டார்கள். முதல் பாதி முடியப்போகும் நேரம், நியூகாசிலின் ட்ரிப்பியர் கார்னர் அடிக்கிறார். கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்ற டேன் பர்ன் தலையால் முட்டிய பந்து வலையின் மூலையில் போய் விழுந்தது. அண்ணன் நாற்காலியிலிருந்து எழவே இல்லை, இரண்டு கையாலும் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். 52ஆவது நிமிடத்தில் இசாக் இரண்டாவது கோல் அடித்தபோதும் அந்தப் பிடி விடவில்லை. தொண்ணூறு நிமிடம் முடிந்து சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் லிவர்பூலின் கியேசா ஒன்று அடித்தார். முதலில் ஆஃப்சைடு என்று கொடி தூக்கி, அப்புறம் விஏஆர் என்ற வீடியோ சோதனையில் பார்த்து கோல் என்றார்கள். அப்போது அந்த அறையில் இருந்தவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஐந்து இறுதிப் போட்டித் தோல்விகளும் ஒன்றாகத் திரும்பி வந்து நின்றன. விசில் அடித்ததும் தம்பி சொன்னது ஒரே வார்த்தை, "அப்பா." அதற்குப் பிறகு மூன்று பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தெருவே வெடித்தது.

*

அண்ணா, நான் யாழ்ப்பாணம். நியூகாசிலுக்குப் பக்கத்தில் பிளைத் என்ற ஊரில் சிறிய கடை வைத்திருக்கிறேன். டேன் பர்ன் எங்கள் ஊர்ப் பெடியன்! இங்கே கடைக்கு வருகிற சனத்தில் பாதிப்பேர் அவரைச் சின்ன வயதிலேயே தெரியும் என்பார்கள். பதினொரு வயதில் நியூகாசில் அவரை வேண்டாம் என்று அனுப்பியது. டார்லிங்டன், ஃபுல்ஹாம், விகன், பிரைட்டன் என்று சுற்றிவிட்டு 2022 ஜனவரியில்தான் சொந்த அணிக்குத் திரும்பினார். இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னம் இங்கிலாந்து அணிக்கும் முதன்முதலாக அழைப்பு வந்தது, முப்பத்திரண்டு வயதில். அந்த வெள்ளிக்கிழமையே இங்கே அரைத் திருவிழா தொடங்கிவிட்டது.

திங்கள் காலை கடை திறக்க முன்னமே வாசலில் சனம். எல்லோருக்கும் பேப்பர் வேண்டும். வழக்கமாக ஒன்று வாங்குகிற ஒரு அம்மா ஆறு எடுத்து மேசையில் அடுக்கினா. ஏன் இத்தனை என்று கேட்டேன். ஒன்று வாசிக்க, ஒன்று பிரேம் போட, இரண்டு மகன்மாருக்கு, ஒன்று கனடாவில் இருக்கிற தங்கைக்கு. ஆறாவது, கணவரோடு ஒன்றாக மேட்ச்சுக்குப் போன நண்பருக்கு. கணவர் இரண்டாவது முறை அணி இறங்கின வருடம் காலமானவர். "அவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும், நடக்க முடியாது, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்று மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனா. பத்து மணிக்குள் எல்லாப் பேப்பரும் முடிந்தது. நான் எனக்கென்று எடுத்து வைத்ததையும் ஒரு கிழவர் கெஞ்சிக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். ஆனால் இந்த ஊரில் கடை நடத்தினால் நியூகாசில் சட்டையின் கறுப்பு வெள்ளைக் கோடு தானாகவே மனதில் ஏறிவிடும். சனிக்கிழமை தோற்றால் ஞாயிறு கடைக்கு வருகிறவர்கள் கதைக்கவே மாட்டார்கள்.

*

நான் லிவர்பூல் ரசிகன், சென்னை. இப்போது லண்டனில். அன்று வெம்ப்ளியில் எங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், தோற்க வேண்டிய ஆட்டத்தைத்தான் தோற்றோம். நியூகாசிலின் ஜோலின்டன் நடுக்களத்தில் ஒரு பந்தைக்கூட சும்மா விடவில்லை. முந்தின நாள் மாலை ட்ரஃபால்கர் சதுக்கம் பக்கம் போனேன், எங்கு பார்த்தாலும் கறுப்பு வெள்ளை. விசில் அடித்ததும் எங்கள் பக்கம் காலியாக ஆரம்பித்தது. எதிர்ப்பக்கத்தில் ஒருவர்கூட நகரவில்லை. என் வரிசையில் இருந்த ஒரு லிவர்பூல் பெரியவர் வெளியே போகாமல் நின்று, அவர்கள் கோப்பை வாங்கும்வரை கை தட்டினார். நானும் நின்றேன்.

*

எல்லோரும் எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நியூகாசிலில் செவிலியராக இருக்கிறேன். அந்த ஞாயிறு எனக்கு இரவுப் பணி. வார்டில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தூங்கவே மாட்டேன் என்றார். 1955 இறுதிப் போட்டியைப் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தாராம். எல்லோரும் உட்கார இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே, முதல் நிமிடத்துக்குள்ளாகவே ஜாக்கி மில்பர்ன் கோல் அடித்துவிட்டார். "அதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன், நாற்காலி இழுத்துக்கொண்டிருந்தேன். இன்று ஒரு நொடிகூட விடவில்லை" என்று ரத்த அழுத்தம் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2021 அக்டோபரில் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் அணியின் பெரும்பங்கை வாங்கியது. மனித உரிமைக்காரர்கள் அப்போதே கடுமையாக எதிர்த்தார்கள். என்னோடு வேலை செய்யும் பெண் மூன்று தலைமுறை நியூகாசில் குடும்பம். ஆஷ்லி போன அன்று மைதான வாசலில் நின்று கூத்தாடியவள், அடுத்த வாரமே "யாருடைய பணம் என்று நினைத்தால் நெஞ்சில் ஒரு முள் இருக்கிறது" என்றாள். அந்த முள் அவளுக்கு இன்னும் போகவில்லை, போகவும் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தைப் பொய் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பணம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இவர்கள் அங்கே இருந்தார்கள். போட்டி நாட்களில் மைதானத்துக்கு வெளியே உணவு வங்கிக்காக ரசிகர்களே பொருளும் காசும் திரட்டுவார்கள், தோற்கிற காலத்திலும் அதை நிறுத்தவில்லை. இவளும் அங்கே வாளி பிடித்து நின்றவள்தான்.

மார்ச் 29 ஊர்வலத்துக்கு அவளோடு போனேன். மூன்று லட்சம் பேர் என்றார்கள். டவுன் மூர் என்பது ஊருக்கு நடுவில் மாடு மேயும் பெரிய புல்வெளி. அன்று புல்லே தெரியவில்லை. பஸ் வந்ததும் அவள் தன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டாள். குழந்தைக்கு ஐந்து வயது, அவள் பார்த்த முதல் கோப்பை. "இவளுக்கு இது சாதாரணம் என்று தோன்றிவிடப் போகிறது!" என்று சொல்லி அப்படிச் சிரித்தாள்.

*

தங்கச்சி, அந்த முள்ளைப் பற்றி எழுதியதற்கு நன்றி, நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரும் இதைப் பற்றி நிறையப் பேசுவார். பிளைத் தம்பி, அடுத்த தடவை வடக்கே வந்தால் கடைக்கு வருகிறேன்.

இசாக் அதே வருடம் லிவர்பூலுக்கே போனதும் வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன். "போகிறவர்கள் போகட்டும், சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது" என்றார். தம்பியும் இப்போது மறுபடி மைதானத்துக்குப் போகிறார். பழைய இருக்கை கிடைக்கவில்லை, நான்கு வரிசை தள்ளித்தான் கிடைத்திருக்கிறதாம்.

சரி, நியூகாசிலின் பக்கத்து ஊரான சண்டர்லாந்து பக்கம் நம்மவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மூன்றாம் டிவிஷன் வரை இறங்கிப் போய் 2025 மே மாதம்தான் அந்த ஊர் அணியும் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. அந்தக் கதையையும் யாராவது எழுதுங்கள்.