புதுப்பிப்பு: பழைய வீடியோ கேசட்டுகளை நீக்கும் பணி

எங்கள் பொது நூலகத்தில் தேங்கிக் கிடக்கும் விஎச்எஸ் கேசட்டுகளை இருப்பிலிருந்து நீக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பெரும்பகுதியை நீக்க நூலகக் குழு ஒப்புதல் அளித்துவிட்டது. இந்தக் கேசட்டுகளை ஓட்டும் கருவியான விசிஆரின் தயாரிப்பில் கடைசிவரை நீடித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது என்ற வாதம் எடுபட்டது. டிவிடியாகக் கிடைக்கும் திரைப்படங்களையும் பாடப் படங்களையும் நீக்குவதில் எவருக்கும் மறுப்பில்லை.

உள்ளூரில் பதிவான பட்டிமன்றங்கள், கூத்துகள், இலக்கியக் கூட்டங்கள் ஆகியவற்றின் நிலை வேறு. வேறெங்கும் பிரதி இல்லாத இவற்றை, உறையின் மீதுள்ள தலைப்பை மட்டும் நம்பி முடிவெடுக்காமல், ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்த பிறகே தரம் பிரிக்கிறோம். பூஞ்சை படிந்த நாடாவைக் கருவியில் இட்டால் அது நாடாவைப் படிக்கும் ஹெட் என்ற பாகத்தைக் கெடுப்பதோடு அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றிவிடும் என்பதால், அத்தகையவற்றை முதலிலேயே ஒதுக்கிவைத்துவிட்டோம். அவற்றைக் குப்பைக்கு அனுப்ப நான் ஒருபோதும் உடன்படமாட்டேன்.

இந்தப் பதிவுகளை டிஜிட்டலாக்கிச் சேமிக்கப் பதிப்புரிமை இடம் தருமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் டிஜிட்டல் அல்லாத பிரதி ஏற்கெனவே இருக்குமானால், அப்படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு முறையில் சேமித்து வைக்கலாம் என 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிந்தைய இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது. பொதுவெளியில் திரையிடுவதற்கு இது பொருந்தாது. அதற்கு நிகழ்த்திய கலைஞர்களிடம் எழுத்துப்பூர்வ இசைவு பெறத் தொடங்கியுள்ளோம்.