கலெக்டர் இந்த வாரம் முழுக்க மக்களைச் சந்திக்கிறார்: அப்பாவின் பட்டா மனுவை எந்த நாளில் கொடுப்பது?

பெண்ணையாற்று மகள் (2025 ஜனவரி 18, சனி)

வணக்கம். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பா அம்மா தென்பெண்ணைக் கரையோரம் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு வந்தவள், இந்த ஒரு விஷயத்துக்காகவே விடுப்பை நீட்டித்துவிட்டு ஊரில் இருக்கிறேன்.

எங்களுக்கு 62 சென்ட் நஞ்சை. தாத்தா 1964இல் கிரயம் வாங்கியது, மூலப் பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அன்று முதல் நாங்கள்தான் பயிர் வைக்கிறோம். ஆனால் யூடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுப் பணி) பட்டாவில் பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஏறிவிட்டது. அவர் நல்ல மனிதர், இறந்து 9 வருஷம் ஆகிறது. இத்தனை காலம் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிசம்பரில் பெஞ்சல் புயல் வெள்ளம் வந்தபோதுதான் உறைத்தது. நெல் முழுக்க மூழ்கி, வயலில் மணல் மேவிவிட்டது. சேதம் கணக்கெடுக்க வந்தவர்கள் பட்டா கேட்டார்கள். அப்பா பத்திரத்தை நீட்டினார். "பத்திரம் சரி பெரியவரே, பட்டா வேற பேர்ல இருக்கே" என்று சொல்லி அடுத்த வயலுக்குப் போய்விட்டார்கள். அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை.

இந்த வார கலெக்டர் நிகழ்ச்சிகள் நாளிதழில் வந்திருந்தன. 20 திங்கள் மக்கள் குறைதீர் கூட்டம். 22 புதன் "உங்களைத் தேடி, உங்கள் ஊரில்" திட்டத்தில் எங்கள் தாலுகாவிலேயே தங்குகிறார். 24 வெள்ளி விவசாயிகள் குறைதீர் கூட்டம். 25 வாக்காளர் நாள், 26 கொடியேற்றம், அன்றே கிராம சபை.

இதில் எதற்குப் போவது? அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் தேய்மானம், ஒரு நாள்தான் அலைய முடியும். தாலுகா அலுவலகத்தில் இரண்டு முறை மனு கொடுத்தும் பதில் இல்லை. கலெக்டர் கையில் நேரில் கொடுத்தால் வேலை நடக்குமா, அல்லது போட்டோவோடு முடிந்துவிடுமா?

ஏரிப்பாசனம்

தங்கச்சி, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் மாதம் தவறாமல் போகிறவன். அங்கே ஏரி மதகு, யூரியா, கொள்முதல் நிலையம் என்று பொதுப் பிரச்சினைதான் ஓடும். தனிப்பட்ட பட்டா விவகாரத்தை எழுப்பினால் "மனுவாக எழுதிக் கொடுங்க" என்பார்கள், மைக் அடுத்தவரிடம் போய்விடும்.

ஆனால் நிவாரணத்தை அங்கே கேளுங்கள். ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசு அறிவித்திருக்கிறது, 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருக்க வேண்டும். பட்டா ஒருவர் பெயரில் இருந்து பயிர் வைத்தவர் வேறொருவராக இருக்கும் வயல் உங்கள் ஊரில் இன்னும் நாலைந்தாவது இருக்கும். அவர்களையும் சேர்த்துக்கொண்டு "பயிர் வைத்தவருக்குக் கொடுங்கள்" என்று பொதுக் கோரிக்கையாக வையுங்கள். நான் போன மாதம் வயலில் சாய்ந்து முளைத்த கதிர் ஒரு கைப்பிடி கொண்டுபோனேன். மேசையில் வைத்ததும் வேளாண்மை இணை இயக்குநர் எழுந்து வந்து நெல்மணியைப் பிட்டுப் பார்த்தார். வெறும் பேச்சுக்கு அப்படி யாரும் எழுந்து வருவதில்லை.

ஓய்வுபெற்ற எழுத்தர்

அம்மா, நான் வருவாய்த்துறையில் இருந்தவன். அதில் 11 வருஷம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுக்களைப் பதிவு செய்யும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கலெக்டர் கையில் கொடுத்தால் பட்டா மாறிவிடாது. மனு கணினியில் ஏறி, கோட்டாட்சியருக்குப் போய், வட்டாட்சியருக்கு இறங்கி, கடைசியில் உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலர் மேசைக்கே வந்து சேரும். அறிக்கை எழுதப்போவது அவர்தான். இது தெரிந்ததும் பலர் "பின்னே எதுக்கு கலெக்டர்கிட்ட போகணும்" என்று சோர்ந்துவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தாலுகாவில் நீங்கள் கொடுத்த இரண்டு மனுவுக்கும் எண் உண்டா? இருக்காது. திங்கட்கிழமை கொடுத்தால் எண் கிடைக்கும். அது இப்போது முதல்வரின் முகவரி துறையின் இணையதளத்தோடு சேர்ந்திருக்கிறது. எந்த மேசையில் எத்தனை நாளாக நிற்கிறது என்பது மேலே இருப்பவருக்குத் தெரியும், ஆய்வுக் கூட்டத்தில் கேள்வி வரும். 1100க்கு போன் செய்து நீங்களும் கேட்கலாம்.

ஆகவே மனுவை ஒழுங்காக எழுதுங்கள். ஒரே பக்கம், ஒரே விஷயம். நிவாரணத்தை இதில் கலக்காதீர்கள், கலந்தால் மனு வேளாண்மைத் துறைக்குப் போய்விடும். "பொருள்" என்ற வரியில் ஊர், தாலுகா, பழைய சர்வே எண், இப்போதைய எண், பரப்பு, "யூடிஆர் பதிவில் பெயர் தவறு, திருத்தம் கோருதல்" என்று எழுதுங்கள். கலெக்டர் முன்னால் உங்களுக்குக் கிடைப்பது அரை நிமிஷம். அவர் கண் முதலில் விழுவது அந்த வரியில்தான். ஏழு பக்கம் எழுதிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கம் முழுக்க குடும்ப வரலாறு இருக்கும், நிலம் ஐந்தாம் பக்கத்தில் வரும். படிக்கும் எனக்கே தொண்டை அடைக்கும், ஆனால் ஓரத்தில் குறிப்பு எழுதும் அதிகாரிக்கு அது எட்டாது.

செல்போன் எண்ணை நீங்களே எழுதுங்கள். வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் சில சமயம் தங்கள் எண்ணைப் போட்டுவிடுவார்கள். ஒரு அம்மா ஒன்றரை வருஷம் விதவை உதவித்தொகைக்கு அலைந்தார். புடவை முந்தானையில் மனு ரசீது முடிந்திருக்கும், அவிழ்த்து என்னிடம் காட்டுவார். எண்ணைப் போட்டுப் பார்த்தேன். விசாரணைக்கு வரச்சொல்லி மூன்று குறுஞ்செய்தி போயிருந்தது, மூன்றும் மனு எழுதியவர் போனுக்கு. ஆஜராகவில்லை என்று மனுவை முடித்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த முடிச்சு என் கண்ணுக்குள் நிற்கிறது.

இணைக்க வேண்டியவை: 1964 பத்திர நகல், தாத்தா இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிஸ்தி (நிலவரி) ரசீது இருந்தால் அது, பயிர் பதிவான அடங்கல் நகல். வில்லங்கச் சான்று இணையத்தில் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதை சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் தேடச்சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், யூடிஆருக்கு முந்தைய "அ" பதிவேட்டு நகல் (எந்த சர்வே எண் யார் பெயரில் என்று காட்டும் கிராமப் பதிவேடு). யூடிஆர் வேலை 1979 முதல் 1987 வரை நடந்தது. எண்களைப் பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றி எழுதியபோது இப்படிப் பல பெயர்கள் இடம் மாறின. பழைய பதிவேட்டில் தாத்தா பெயர் இருந்தால், தவறு எங்கே நடந்தது என்று யாரும் வாதாட வேண்டியிருக்காது. கிராம நிர்வாக அலுவலரும் அதைத் தாண்டி எழுத முடியாது. நகலுக்குத் தனியாக விண்ணப்பியுங்கள், வருவதற்குக் காத்திருக்காமல் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

இனி நாள். திங்கள் 20 பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் திங்கள், கூட்டம் நெரியும். வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். அப்பா மனம் நோகாமல் முன்பே சொல்லி வையுங்கள். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், பலமுறை மனு கொடுத்தும் தீராத கந்துவட்டிக் கொடுமையில், சின்னக் குழந்தைகளோடு ஒரு குடும்பமே தீக்குளித்தது. அன்று எங்கள் அலுவலகத்திலும் யாரும் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. கட்டுக்கட்டாக மனுக்களை அனுப்பிக்கொண்டிருந்த கைகள் எங்களுடையவைதானே.

திங்கட்கிழமை நீங்கள் மட்டும் போங்கள், எண்ணை வாங்குங்கள். அப்பாவை புதன்கிழமைக்கு அழைத்துப் போங்கள். அந்தத் திட்டம் 2024 ஜனவரி 31இல் ஆரம்பித்தது. மாதத்தின் நாலாவது புதன், கலெக்டர் காலை 9 மணிக்குத் தாலுகாவுக்கு வந்தால் மறுநாள் காலை 9 வரை அங்கேதான். பகலில் ரேஷன் கடை, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் என்று சுற்றுவார், மாலையில் மனு வாங்குவார். திங்கட்கிழமை அவர் எதிரே 400, 500 பேர் நிற்பார்கள். புதன் மாலை ஆட்கள் குறைவு. அதோடு கோட்டாட்சியர், வட்டாட்சியர், நில அளவையர் எல்லாரும் அதே இடத்தில் இருப்பார்கள். "இது என்ன" என்று அவர் திரும்பிக் கேட்டால் அங்கேயே ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை எண்ணை அந்த மனுவிலும் எழுதுங்கள்.

கிராம சபை இதற்கு இடமில்லை. ஏரி ஆக்கிரமிப்பு, தெருவிளக்கு, குடிநீர் என்றால் அதுதான் சரியான இடம். இந்த முறை 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 5ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் நடக்கிறது. அதனாலேயே ஊர்க்காரர்கள் போய் உட்கார வேண்டும்.

மூன்று சக்கரம்

அக்கா, அப்பாவுக்கு முழங்கால் என்றீர்கள். நான் மாற்றுத்திறனாளி, இந்த வரிசைகள் எனக்குப் பழக்கம். பெரும்பாலான ஆட்சியர் அலுவலகங்களில் நடக்க முடியாதவர்களைக் கீழ்த்தளத்திலேயே தனியாக உட்காரவைப்பார்கள், கலெக்டர் இறங்கி வந்து வாங்குவார். நாமாகச் சொன்னால்தான் நடக்கும், வாசலில் நிற்கும் போலீஸ் அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதன்கிழமையும் அப்படியே. ஒரு மடக்கு நாற்காலியும் கொண்டுபோங்கள்.

பெண்ணையாற்று மகள் (ஜனவரி 23, வியாழன்)

எழுத்தர் ஐயா, ஏரிப்பாசனம் அண்ணா, தம்பி, எல்லாருக்கும் நன்றி.

திங்கள் காலை 8 மணிக்கே போனேன், 11:40க்கு எண் கையில் கிடைத்தது. நேற்று மாலை அப்பாவை அழைத்துப் போனேன். மடக்கு நாற்காலி மிகவும் உதவியது. எங்கள் முறை வந்ததும் அப்பா எழ முயன்றார், கலெக்டர் "உட்காருங்கய்யா" என்று சொல்லிவிட்டு, பொருள் வரியைப் படித்தார். "பழைய அ பதிவேடு பார்த்தீங்களா" என்று பக்கத்தில் கேட்டார். பார்க்கவில்லை என்று பதில் வந்தது. பச்சை மையில் ஓரத்தில் இரண்டு வரி எழுதி கோட்டாட்சியர் கையில் கொடுத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இன்று காலை 10 மணிக்குக் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து பத்திரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அப்பா அவருக்கு மோர் கொடுத்தார். பட்டா மாறிவிடும் என்று நான் இன்னும் நம்பவில்லை, ஆனால் அப்பா இரண்டு நாளாக வயலுக்குப் போய் மணலை வெட்டிப் போட ஆரம்பித்திருக்கிறார்.

அடுத்து என்ன செய்யட்டும் ஐயா?

ஓய்வுபெற்ற எழுத்தர்

ரொம்ப சந்தோஷம் அம்மா. அடுத்து விசாரணைக்கு நோட்டீஸ் வரும். பட்டாவில் இப்போது யார் பெயர் இருக்கிறதோ அவருடைய வாரிசுகளுக்கும் போகும். அரசாங்கத் தபாலைப் பார்த்து அவர்கள் பதறுவதற்கு முன்னால், நீங்களும் அப்பாவும் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். அவர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஆட்சேபித்தால் இது சிவில் கோர்ட் வரை போகும், வருஷக் கணக்காகும்.

போகும்போது பத்திரத்தின் அசலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நகல் போதும். சென்னைக்குக் கிளம்புவதற்கு முன் "அ" பதிவேட்டு நகலுக்கு விண்ணப்பித்த ரசீதை அப்பா போனில் படம் எடுத்து வையுங்கள். கோட்டாட்சியர் விசாரணைத் தேதி தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். அன்றைக்கு என்னென்ன கேட்பார்கள் என்று சொல்கிறேன்.