புதுப்பிப்பு: அம்மாவோட சுங்குடிச் சேலை என்ன ஆச்சு?

போன மாசம் அம்மாவோட பழைய மதுரை சுங்குடி, புள்ளி புள்ளியா இருக்குற பருத்திச் சேலை, மடிப்புல கிழிஞ்சு போச்சு, என்ன பண்ணலாம்னு கேட்டிருந்தேன். பாதிப் பேர் ரஃபு (கிழிசலை இழை கோத்துச் சரிபண்றது) பண்ணுங்கன்னீங்க, மீதிப் பேர் போர்வை தைங்கன்னீங்க.

முதல்ல ரஃபு கடைக்குத்தான் போனேன். கடைக்கார அண்ணன் சேலையை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, "இழையே செத்துப் போச்சும்மா, ஊசி போட்டா பக்கத்துல கிழியும்"னு கையை விரிச்சுட்டார். வருஷக்கணக்கா ஒரே மடிப்புல பீரோவுக்குள்ள வச்சது என் தப்பு. பருத்திச் சேலையை அப்பப்போ பிரிச்சு மாத்தி மடிச்சிருக்கணும்.

அப்புறம் போர்வைதான். முந்தியும் சேலையோட உடம்புப் பகுதியில நல்லா இருந்த பாகமும் மேல, அடியில ஒரு பழைய வேட்டி. வெட்ட உட்கார்ந்தப்பதான் புள்ளிகளைக் கிட்டத்துல பார்த்தேன். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. துணியைக் கிள்ளி நூலால முடிச்சுப் போட்டுச் சாயத்துல முக்கி எடுக்குறது, முடிச்சுக்குள்ள சாயம் ஏறாம புள்ளியா நிக்கும். இப்போ கடையில சுங்குடின்னு விக்கிறதுல பெரும்பாலும் அச்சுப் புள்ளி. 2005-ல புவிசார் குறியீடு கிடைச்சும் கையால முடிச்சுப் போடுறவங்க குறைஞ்சுட்டாங்க.

நூத்துக்கணக்கான துவைப்புல கஞ்சியெல்லாம் போயி, துணி அவ்வளவு மெத்துனு இருக்கு. கரையோரம் ஒரு மஞ்சள் கறை இருந்துச்சு, சமையல்கட்டுல அம்மா கை துடைச்சது. டெய்லர் அக்கா அதை வெட்டிடலாமான்னு கேட்டாங்க. வேணாம்னுட்டேன்.

இப்போ என் பொண்ணு அதைப் போத்திட்டுத் தூங்குறா. எனக்குத் தர மாட்டேங்குறா.