இதுதானா சார் அது? (தொலைநோக்கி வரிசையில் மறக்க முடியாத ஆள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்)

ஈரோடு வெயில்:

2019 டிசம்பர் 26, வளையக் கிரகணம். எல்லாருக்கும் நினைவிருக்கும். அரையாண்டு விடுமுறை என்பதால் பள்ளிக்கூட மைதானம் கிடைத்தது. நாங்கள் நாலு பேர், இரண்டு தொலைநோக்கி, ஒரு அட்டைப்பெட்டி நிறைய சூரியக் கண்ணாடி. மேகம் கொஞ்ச நேரம் உயிரை வாங்கிவிட்டு விலகியது. ஒன்பதரை வாக்கில் வளையம்.

அந்த மூன்று நிமிடம் மைதானமே மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு பையன் மட்டும் வேப்பமரத்தடியில் குனிந்து நின்றான். நாலாம் வகுப்பு இருக்கும். இலை இடுக்கில் இறங்கிய வெளிச்சமெல்லாம் குட்டிக் குட்டி வளையல்களாகத் தரை முழுக்கக் கிடந்தது. அவன் வெள்ளைச் சட்டையிலும் பத்துப் பதினைந்து. காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து ஆடும். அது என்னவென்று விளக்கலாம் என்று பக்கத்தில் போனேன். நிமிர்ந்தான். மேலுதட்டில் தையல் தழும்பு. உதட்டுப் பிளவுக்குச் செய்த ஆபரேஷன்.

"சார், நான் வயித்துல இருக்கறப்ப எங்கம்மா கிரகணத்தைப் பார்த்துட்டாங்களாம். அதான் வாய் இப்படி ஆயிடுச்சாம். இதுதானா சார் அது?" சட்டையில் ஆடிய வளையத்தின் மேல் விரலை வைத்துத்தான் கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஊசித்துளைக் கேமராவைப் பற்றிச் சொன்னேன். மரத்தடியில் தினமும் விழும் வட்டங்களே சூரியனின் பிம்பம்தான், இன்று சூரியன் வளையமாக இருப்பதால் பிம்பமும் வளையம், ஒவ்வொரு இலை இடுக்கும் ஒரு கேமரா என்று மூச்சு விடாமல் பேசினேன். அவன் தலையாட்டினான். பிறந்தநாள் எப்போது என்று கேட்டேன். ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், 2010 என்றான். அப்படியானால் அவன் அம்மா பார்த்தது அந்த ஜனவரி 15 கிரகணத்தைத்தான், மாட்டுப் பொங்கலன்று வந்தது. அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பி வருவதற்குள் வளையமும் உடைந்துவிட்டது, பையனும் போய்விட்டான்.

சர்வதேச வானியல் ஒன்றியத்துக்கு நூறாவது ஆண்டு அது. உலகம் முழுக்க நிகழ்ச்சிகள் நடந்தன. எங்கள் அறிக்கையில் "மாணவர்கள் ஆர்வத்துடன் கேள்விகள் கேட்டனர்" என்று நானேதான் எழுதினேன்.

எக்ஸ்ரே தாத்தா:

நல்ல பதிவு. என் பெயர்க்காரணமே என் அனுபவம். அதே கிரகணம், கரூர்ப் பக்கம். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வரிசையில் நிற்காமல் ஓரமாக நின்று, மடித்து வைத்திருந்த எக்ஸ்ரே பிலிமைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். பார்த்தால் யாருடையதோ முதுகெலும்பு. "எங்க வீட்டு அம்மாவோடது தம்பி, போன வருஷம் போயிட்டா" என்றார். அவ்வளவுதான் என் கதை.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே பிலிம் கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறைக்கும், அகச்சிவப்பை விட்டுவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது, சுட்டுப்போவதே தெரியாமல் சுட்டுவிடும். புகை பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், சிடி, சாணித் தண்ணீரில் பார்ப்பது எதுவும் வேண்டாம். கண்ணாடி வாங்கினால் ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். கீறல், ஓட்டை, மடிப்பு இருந்தால் கத்தரித்துக் குப்பையில் போடுங்கள். வெல்டிங் கண்ணாடி என்றால் 14-ஆம் எண், அதற்குக் குறைந்தது ஆகாது. தொலைநோக்கிக்கு ஃபில்டரை முன்பக்கம் மாட்ட வேண்டும். கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸில் திருகுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடி பழைய செட்டுகளோடு வரும், அதை இன்றே தூக்கிப் போடுங்கள். குவிந்த வெயிலில் விரிசல் விட்டால் அப்புறம் கண் இல்லை. பக்கத்தில் குறிபார்க்க இருக்கும் குட்டித் தொலைநோக்கியை, ஃபைண்டரை, அதையும் மூடி வையுங்கள், யாரும் மூடுவதில்லை. காற்றடிக்கிற இடத்தில் ஃபில்டரை டேப் போட்டு ஒட்டுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு சின்ன முகக்கண்ணாடியைக் காகிதத்தால் மூடி ஒரு ஓட்டை போட்டு, நிழலான சுவரில் வெளிச்சத்தை அடியுங்கள், ஊரே பார்க்கலாம். முகக்கண்ணாடிக்கும் சுவருக்கும் பத்து மீட்டராவது இருக்கட்டும்.

அம்மி உலக்கை:

எக்ஸ்ரே ஐயா, அந்தப் பெரியவர் ஃபில்டரைப் பற்றியா கேட்டார்?

என் விஷயம் 2020 ஜூன் 21. ஊரடங்கு, ஞாயிற்றுக்கிழமை, யாரும் வெளியே போக முடியாது. ஆத்தா பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திவிட்டது. கிரகணம் பிடிக்கும்போது நிற்கும், விட்டதும் சாயும் என்பது தெரிந்த கதைதானே. உலக்கை அடியில் இரும்புப் பூண், தட்டையானது, சமமான தரையில் என்றைக்கு வைத்தாலும் நிற்கும். அறிவியல் இயக்கத் தோழர்கள் செய்து காட்டியதைப் பார்த்திருக்கிறேன். நானும் திங்கட்கிழமை காலையில் அதே தாம்பாளம், அதே உலக்கை, முற்றத்தில் நிறுத்திவிட்டு ஆத்தாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தது. சுற்றி ஒரு நடை நடந்தது. நாடியில் கையை வைத்துக்கொண்டு, "இன்னும் விடல போலிருக்கேப்பா" என்றது.

அன்று முழுக்க ஆத்தா பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சாயங்காலம் நானே போய் உலக்கையைத் தட்டிச் சாய்த்துவிட்டு, "விட்டுருச்சு ஆத்தா, சாப்பிடு" என்றேன். இதைச் சங்கத்தில் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஈரோடு, உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். கேமராக் கதை எதற்கு? "உங்கம்மா மேல தப்பே இல்லடா" என்று நாலு வார்த்தை. அதுதானே வேலை? மூடநம்பிக்கையை நேருக்கு நேர் உடைக்காமல் நிலாவையும் சனியையும் காட்டிக்கொண்டிருந்தால் அது பொருட்காட்சி.

மொட்டைமாடி ஆறங்குலம்:

உலக்கை, நீங்களே ஆத்தாவிடம் உடைக்கவில்லையே. கடைசியில் கிரகணத்தை விடுவித்தவரே நீங்கள்தான். சும்மா சொன்னேன், கோபிக்க வேண்டாம்.

ஆனால் பொருட்காட்சி என்று சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜான் டாப்சன் என்ற மனிதர் இல்லாவிட்டால் இன்று நம் கையில் இந்த விலைக்குத் தொலைநோக்கியே கிடையாது. அவர் ராமகிருஷ்ணர் மரபு மடத்தில் இருபத்து மூன்று வருடம் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்தே தொலைநோக்கிக்கு ஆடி செய்தார். மடத்தை விட்டு வெளியே வந்த மறுவருடம், 1968-இல், சான் பிரான்சிஸ்கோ தெருமுனைகளில் தொலைநோக்கியை வைத்துப் போகிற வருகிறவர்களைக் கூப்பிட ஆரம்பித்த குழுதான் நடைபாதை வானியலாளர்கள். அவர் யார் நம்பிக்கையையும் உடைக்கக் கிளம்பவில்லை. வந்து பார் என்றார், அவ்வளவுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2009, சர்வதேச வானியல் ஆண்டு. கலிலியோ தொலைநோக்கியை வானத்துக்குத் திருப்பி 400 வருடம். ஏப்ரல் 2 முதல் 5 வரை நூறு மணி நேர வானியல் என்று உலகம் முழுக்க மாறி மாறி நடத்தினார்கள். நாங்கள் பெசன்ட் நகர் கடற்கரையில். நிலா முதலில், அப்புறம் சனி. அந்த வருடம் சனியின் வளையம் நமக்கு ஏறக்குறைய விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்தது, செப்டம்பரில் சுத்தமாகக் கோடாகிவிட்டது. சுமார் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை இப்படி. கலிலியோவுக்கே 1612-இல் வளையம் காணாமல் போய் மனுஷன் குழம்பிப் போனார். உலகமே மக்களைக் கூப்பிட்டுச் சனியைக் காட்டிய வருடத்தில் சனிக்கு வளையம் இல்லை, நம் ராசி.

வரிசையில் ஒரு பூக்கார அம்மா. கூடையை மணலில் வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நிமிர்ந்து, "கோலிக்குண்டுல ஊசி குத்தின மாதிரி இருக்கு. படத்துல போடறாப்பல ஒண்ணும் இல்லியே" என்றார். அதைவிடச் சரியாக அந்த வருடச் சனியை வர்ணித்து நான் எங்கேயும் படித்ததில்லை. வாய் சும்மா இருக்காமல், "சில வருஷம் போனா வளையம் நல்லா விரியும்மா, அப்ப கூப்பிட்டுக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

2017-இல் வளையம் முழுசாக விரிந்தது. 27 டிகிரி சாய்வு, அதற்கு மேல் விரியாது. அதே கடற்கரை, அதே ஆறங்குலத் தொலைநோக்கி. அந்த அம்மா இல்லை. சுண்டல் விற்கிறவரிடம் கேட்டேன், பேர் தெரியாமல் எந்தப் பூக்காரம்மா என்று சொல்வது? 2025 நவம்பரில் சனியை மறுபடி பார்த்தேன். திரும்பவும் ஊசி குத்திய கோலிக்குண்டு.

டல்லாஸ் மருமகள்:

ஈரோடு அண்ணா பதிவைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. 2024 ஏப்ரல் 8, முழுக் கிரகணம், எங்கள் ஊர் நேர்ப்பாதையில். இங்கே ஊர் நூலகங்களிலேயே கண்ணாடி இலவசம். நான் அங்கே தன்னார்வலர். இரண்டு சனிக்கிழமை குழந்தைகளை உட்காரவைத்து, விளக்கு, ஆரஞ்சு, திராட்சை வைத்து நிழல் எப்படி விழுகிறது என்று சொல்லிக்கொடுத்தேன். அப்போது எனக்கு ஏழாம் மாதம்.

ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார், பிரசவத்துக்காக. முதல் நாள் இரவே சொல்லிவிட்டார், நீ வெளியே போகக் கூடாது என்று. நான் வாதாடினேன். அவர் வாதாடவில்லை, அழுதார். அவருக்கு முதல் பிரசவம் தங்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். காலையில் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் திரைச்சீலைகளை இழுத்து விட்டார்.

மதியம் 1:40. படுக்கையறையில் உட்கார்ந்திருக்கிறேன். திரை ஓரத்தில் ஒரு கோடாக வெளிச்சம் இருந்தது, அது அணைந்தது. கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு கூச்சல். எல்லாரும் சேர்ந்து. அதில் என் ஆரஞ்சுப் பிள்ளைகள் குரலும் இருந்திருக்கும். நாலு நிமிடத்துக்குப் பக்கம் அந்த இருட்டு. எழுந்து திரையை விலக்க ரெண்டே எட்டு. அத்தை என் கையைப் பிடித்திருந்தார், அவர் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

ஜூனில் பெண் பிறந்தாள், நல்லபடியாக. ஊரில் இப்போது அத்தை எல்லாரிடமும் சொல்கிறார், "அமெரிக்காவுல படிச்ச பொண்ணு, அவளே உள்ளதான் இருந்தா, குழந்தை எப்படி இருக்கு பாருங்க" என்று. கொழுந்தனார் மனைவிக்கு இப்போது மூன்றாம் மாதம். நாளைக்கு ஒரு கிரகணம் வந்தால் அவளை உள்ளே உட்காரவைக்க என் கதைதான் சாட்சி. அலாஸ்காவை விட்டால் அமெரிக்காவில் அடுத்த முழுக் கிரகணம் 2044-இல். உலக்கை அண்ணா, நாலு வார்த்தையில் உடைக்கலாம் என்கிறீர்கள். யார் கையைப் பிடித்துக்கொண்டு?

இரவுப் பணி:

நான் வானியல் ஆள் இல்லை, செவிலி. மகன் இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான், படித்தேன்.

ஈரோடு சார், பையன் 2010 ஜூன் முதல் வாரம் அல்லது இரண்டாம் வாரம் என்றால், மாதம் தவறாமல் பிறந்த குழந்தை என்று வைத்துக்கொண்டால், கரு தரித்தது 2009 செப்டம்பர் நடுவில். மேலுதடு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேருவது நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். அதாவது அந்த வருடம் தீபாவளியை ஒட்டி. சேரவில்லை என்றால் அப்போதே சேரவில்லை. மாட்டுப் பொங்கலன்று அந்த அம்மாவுக்கு நாலு மாதம் முடிந்திருக்கும். அன்றைக்கு அவர் வானத்தைப் பார்த்தாரா, அடுப்பைப் பார்த்தாரா, அந்த உதட்டுக்கு எதுவும் ஆகியிருக்காது. பரம்பரை இருக்கலாம், சில மாத்திரைகள், புகை, ஃபோலிக் அமிலம் போதாமை என்று பல காரணம் சொல்வார்கள். நிறையக் குழந்தைகளுக்கு இதுதான் என்று சொல்லவே முடியாது. எங்கள் வார்டில் தாய்மார்கள் முதலில் கேட்பது "நான் என்ன தப்பு பண்ணேன்" என்றுதான்.

எக்ஸ்ரே தாத்தா:

சகோதரி சொன்னது அருமை. இன்னொன்று, 2019-இல் வாங்கிய கண்ணாடிகளை யாராவது பத்திரமாக வைத்திருந்தால் அடுத்த தடவை போடும் முன் வெளிச்சத்தில் காட்டிச் சோதியுங்கள். வீட்டுப் பல்பு அதில் தெரியவே கூடாது. 2031 மே 21-இல் மதுரைப் பக்கம் வளையக் கிரகணம் இருக்கிறது, இப்போதே...

அம்மி உலக்கை:

ஐயா, கொஞ்சம் இருங்கள்.

ஈரோடு, கணக்கைப் பார்த்தீர்களா? கிரகணத் தேதியை வைத்தே உடைத்துவிட்டார். என் நாலு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பையனிடம் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஈரோடு வெயில்:

பார்த்தேன். நேற்று ராத்திரி காலண்டரை வைத்துக்கொண்டு மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். மைதானத்தில் நிற்கும்போதே பிறந்தநாளைக் கேட்டு வாங்கியவன் நான். அதைப் பின்னால் எண்ணி எந்தக் கிரகணம் என்று கண்டுபிடிக்கத்தான் பயன்படுத்தினேன், பாருங்கள்.

அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், எண் இருக்கிறது. பையன் இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருப்பான். காலையில் கூப்பிட்டேன். "அந்த உதட்டுப் பையனா? அவங்க வீடு மாறிட்டாங்களே, அம்மா மில் வேலைக்குப் போவாங்க, விசாரிச்சுப் பார்க்கறேன்" என்றார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பையன்கிட்ட சொல்றதா, அம்மாகிட்ட சொல்றதா?" என்றார்.

சகோதரி, நீங்கள் எழுதியதை அப்படியே ஒரு தாளில் எடுத்து வைத்திருக்கிறேன்.