அன்பவுண்டை சோர்ஸிலிருந்து கம்பைல் பண்ணா வேகம் கூடுமா?

மஞ்சக்குப்பம் கேபிள்:
கடலூர்ல சின்ன அளவுல ஃபைபர் இணைப்பு கொடுக்கறேன். சாயங்காலம் ஆனா "சைட் திறக்க லேட்டாகுது"ன்னு போன் மேல போன். டிஎன்எஸ்ஸுக்கு, அதாவது சைட் பேரை ஐபி முகவரியா மாத்தித் தர, டெபியன் 12 லினக்ஸ்ல ரெடிமேடா வர்ற அன்பவுண்ட் சாஃப்ட்வேர் பேக்கேஜ்தான் ஓடுது. அதோட சோர்ஸ் கோடை இறக்கி, வேகத்துக்கான ஓ3, இந்த சிபியூவுக்குன்னே கட்டற மார்ச் நேட்டிவ் ஆப்ஷனைப் போட்டு கம்பைல் பண்ணலாம்னு இருக்கேன். தேறுமா?

நெல்லித்தோப்பு ரூட்:
தாராளமா பண்ணுங்க அண்ணே. டெபியன் 12-ல இருக்கறது 1.17.1, அது பழசு. சோர்ஸ்னா புதுசு கையில இருக்கும், வேண்டாத மாட்யூலைத் தூக்கிடலாம். கான்ஃபிகர் பண்ணும்போது நிறைய இணைப்பை ஒரே நேரத்துல கவனிக்கற லிப்ஈவென்ட் லைப்ரரியைச் சேர்க்க மறந்துடாதீங்க. அது இல்லன்னா 1024 சாக்கெட்டோட முட்டிக்கிட்டு நிக்கும்.

லாஸ்பேட்டை லினக்ஸ்:
தம்பி, டெபியன் பேக்கேஜ்லயே லிப்ஈவென்ட் இருக்கு. அன்பவுண்டுக்கு மைனஸ் பெரிய வி (-V) கொடுத்தா எந்த ஆப்ஷனோட கட்டினாங்கன்னு ஒரு வரி விடாம காட்டும். முதல்ல அதைப் பாருங்க.

வேகத்துக்கு வருவோம். கேஷ்ல, அதாவது முன்னாடி கேட்டுச் சேமிச்சு வச்சதுல, பதில் இருந்தா ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாது. இல்லன்னா எங்கேயோ இருக்கற சர்வரைக் கேட்டு வரணும், பத்திலிருந்து சில நூறு மில்லிசெகண்ட் போகும். அந்த நேரம் முழுக்க சிபியூ சும்மாதான் உக்காந்திருக்கு. ஓ3 எதை வேகப்படுத்தும்?

நெல்லித்தோப்பு ரூட்:
லோடு ஏறினா சிபியூவும் கணக்குதான் சார். பதில் போலி இல்லன்னு காட்டற டிஎன்எஸ்செக் கையெழுத்தைச் சரிபார்க்கறது என்ன ஓசி வேலையா? 2024 பிப்ரவரியில கீட்ராப்ங்கற பாதுகாப்பு ஓட்டை வந்தப்ப ஒரே ஒரு பதில் சிபியூவை முடக்கிப் போட்டுச்சு. அதைச் சரிசெஞ்ச 1.19.1 வந்த அன்னைக்கே சோர்ஸ்காரங்க ஏத்திட்டாங்க.

லாஸ்பேட்டை லினக்ஸ்:
கையெழுத்து வேலை ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரிக்குள்ள நடக்குது. அன்பவுண்டுக்கு ஓ3 போட்டா அது மாறாது. கீட்ராப்புக்கு டெபியனும் பேட்ச் விட்டாங்க, 1.17.1-ங்கற நம்பரை மட்டும் மாத்தல. நம்பரைப் பார்த்துப் பழசுன்னு சொல்லாதீங்க. அடுத்த ஓட்டை தீபாவளி அன்னைக்கு வந்தா அண்ணன் கடையை விட்டுட்டு மறுபடி கம்பைல் பண்ண மேக் கமாண்ட் அடிப்பாரா?

மார்ச் நேட்டிவ் இன்னும் மோசம். ஒரு விடுதியில அப்படிக் கட்டின பைனரியைப் பழைய சிபியூ இருக்கற மெஷினுக்கு மாத்தினாங்க. இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்னு சொல்லிப் படுத்துடுச்சு.

முதலியார்பேட்டை:
இடையில ஒண்ணு. மேக் இன்ஸ்டால் பண்ணா பைனரி யூஎஸ்ஆர் லோக்கலுக்குள்ள போகும், கான்ஃபிக்கும் அங்கேயே தனியா. சர்வீஸைத் தொடங்கற சிஸ்டம்டி பழைய பேக்கேஜ் பைனரியைத்தான் ஓட்டிட்டிருக்கும். "கம்பைல் பண்ணேன், பறக்குது"ன்னு சொன்ன ஒருத்தர் மெஷின்ல போய்ப் பார்த்தா ஓடினது டெபியனோடது 😂

மஞ்சக்குப்பம் கேபிள்:
சரி, அப்போ நான் எதைத்தான் தொடறது?

லாஸ்பேட்டை லினக்ஸ்:
கேஷ் அளவு. எழுதாம விட்டிருந்தா பதிலோட விவரத்தை வைக்கற மெசேஜ் கேஷ் வெறும் 4 எம்பி, பதிலுக்குள்ள வர்ற ரெக்கார்டுகளை வைக்கற ஆர்ஆர்செட் கேஷும் 4 எம்பி. நூத்துக்கணக்கான வீடு இருந்தா அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மெசேஜுக்கு 128 எம்பி, ஆர்ஆர்செட்டுக்கு அதுல இரட்டிப்பு 256 எம்பி போடுங்க. நிஜத்துல ராம் இந்த மொத்தத்தைப் போல ரெண்டரை மடங்கு வரை போகும், அதையும் ஒதுக்கி வைங்க. த்ரெட்டை கோர் எண்ணிக்கைக்கு வைங்க, காலாவதியாகறதுக்கு முன்னாடியே பதிலைப் புதுப்பிக்கற ப்ரீஃபெட்சை எஸ்னு போடுங்க.

நெல்லித்தோப்பு ரூட்:
காலாவதியான பதிலையும் கொடுக்கற செர்வ் எக்ஸ்பயர்டும் போடுங்க. ஃபெஞ்சல் மாதிரி புயல்ல உதவும்.

லாஸ்பேட்டை லினக்ஸ்:
2024 நவம்பர் 30 ராத்திரி லைனே அறுந்து கிடந்தா பழைய ஐபியைக் கொடுத்து என்ன பிரயோஜனம்? பாக்கெட் எந்த வழியா போகும்? மேல இருக்கற டிஎன்எஸ் மட்டும் தடுமாறினா உதவும், அவ்வளவுதான்.

நெல்லித்தோப்பு ரூட்:
அதுவே போதும் சார். கேஷ் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். ஆனா ரெடிஸ்ங்கற தனி டேட்டாபேஸ்ல கேஷை வெளியே வைக்கணும்னா அதுக்கான கேஷ்டிபி மாட்யூல், ஹைரெடிஸ் லைப்ரரி சேர்த்துக் கட்டின பைனரி வேணும். அது பேக்கேஜ்ல இல்லன்னா நான் கம்பைல்தான் பண்ணுவேன். வேகத்துக்காக இல்ல.

லாஸ்பேட்டை லினக்ஸ்:
அதுக்குப் பண்ணுங்க, யாரு வேண்டாம்னா? அப்பவும் டெபியன் சோர்ஸ் பேக்கேஜை எடுத்து ஆப்ஷனை மாத்தி .டெப் பேக்கேஜ் ஃபைலா ஆக்கிக்கங்க. அண்ணே, நீங்க அன்பவுண்ட் கன்ட்ரோல்ல ஸ்டாட்ஸ் எடுத்து கேஷ் ஹிட் (கேஷ்லயே கிடைச்ச பதில் எண்ணிக்கை), ரிகர்ஷன் (வெளி சர்வரைக் கேட்டு வர்றது) சராசரி நேரம் ரெண்டையும் இங்க போடுங்க. சாயங்காலம் எடுத்ததா இருக்கட்டும். காலையில எடுத்தது வேண்டாம்.