எட்டு வயது பையனை எம்எம்ஏ வகுப்பில் சேர்க்கலாமா?

கோவை_அப்பா

பையன் மூன்றாம் வகுப்பு. வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக எம்எம்ஏ (பல சண்டைக் கலைகளைக் கலந்த விளையாட்டு) ஜிம் ஒன்று வந்திருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பும் உண்டு. கூடப் படிக்கும் பசங்க போகிறார்கள், அதனால் இவனும் தினமும் நச்சரிக்கிறான். என் அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. "கராத்தேன்னா சரி, இது கூண்டுக்குள்ள போட்டு அடிச்சுக்கிறதாச்சே" என்கிறார். டிவியில் வரும் யுஎஃப்சி எம்எம்ஏ போட்டிகளில் பார்ப்பதைத்தான் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுப்பார்களா? தலையில் அடி, எலும்பு முறிவு என்று எவ்வளவு பயப்பட வேண்டும்? நேரடியாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூடோ_அக்கா

வணக்கம் சார். ஜூடோ விளையாடி வளர்ந்தவள் நான். இப்போது சென்னையில் குழந்தைகளுக்கு கிராப்ளிங் (குத்து, உதை இல்லாமல் பிடித்து மடக்கும் விளையாட்டு) சொல்லித் தருகிறேன். உங்கள் அம்மாவின் பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள், அதில் பாதி நியாயம் இருக்கிறது.

எம்எம்ஏ என்ற பெயரில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: குத்துவதும் உதைப்பதும், ஆளைத் தூக்கிக் கீழே போடுவது, தரையில் கட்டிப் புரண்டு பிடி போடுவது. குழந்தைகளுக்கு முதல் ஆபத்து முதலாவதில்தான், அதுவும் தலையில் படும்போது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் தற்காப்புக் கலைகள் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. ஆளைத் தொடாமல் செய்யும் பயிற்சியைப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டு, எம்எம்ஏ பக்கம் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்றது. காரணம் மூளை அதிர்ச்சியும் கழுத்தை நெரிக்கும் பிடிகளும். என் தொழிலுக்கு எதிரான வார்த்தையாக இருந்தாலும் அது சரியான எச்சரிக்கை.

அதற்காக என் விளையாட்டு மட்டும் பத்தரைமாற்றுத் தங்கம் என்று சொல்ல மாட்டேன். ஜூடோவில் குத்தே கிடையாது. அப்படியிருந்தும் ஜப்பானியப் பள்ளிகளில் 1983-க்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருடத்தில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இறந்திருக்கிறார்கள். பலருக்குப் பின்மண்டை தரையில் மோதியதுதான் காரணம். சரியாக விழத் தெரியாத புதுப் பிள்ளையை, காலை வாரிப் பின்னால் தள்ளும் 'ஓசோட்டோ காரி' போட்டால் இதுதான் நடக்கும்.

ஆகவே அந்த ஜிம்முக்குப் போனால், புதுப் பிள்ளைகளுக்கு முதலில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று பாருங்கள். நல்ல மாஸ்டர் விழுவதில்தான் தொடங்குவார். குத்தவைத்த நிலையிலிருந்து பின்னால் உருள வேண்டும். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கும், கண் தன் தொப்புளைப் பார்க்கும், இரண்டு கையும் பக்கவாட்டில் மேட்டை (தரையில் விரித்த பயிற்சி மெத்தையை) பளாரென்று அறையும். தலை மேட்டைத் தொடவே கூடாது. இது பழகிய பிறகுதான் நின்றபடி விழுவது, அதற்கப்புறம்தான் இன்னொருவர் தள்ளி விழுவது. இரண்டாம் நாளே கிளவுஸ் மாட்டி ஃபைட் விடும் இடமாக இருந்தால், ஃபீஸ் கட்டியிருந்தாலும் போகட்டும், பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் 'டேப்'. பிடி இறுகும்போது எதிராளியை இரண்டு தட்டு தட்டினால் அவன் அந்த நொடியே விட வேண்டும். என்னைக் கேட்டால் குழந்தைக்கு இந்த விளையாட்டு தரும் பெரிய பலன் இதுதான். என் வகுப்பில் ஒரு பையன், தோற்றால் மூலையில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இப்போது தட்டிவிட்டு, "அக்கா, இந்தப் பிடியிலிருந்து எப்படி வெளியே வர்றது?" என்று கேட்கிறான். ஒரே வகுப்பில் பலமுறை தோற்று, பலமுறை எழுந்து, தோற்கடித்தவனோடு கைகுலுக்குகிறான். அவனுக்கு நான் தனியாக எந்த அறிவுரையும் சொல்லவில்லை.

திருச்சி_அம்மா

எங்கள் பெண்ணுக்குப் பதினொரு வயது. ஒரு இடத்தில் சேர்த்திருந்தோம். அவளைவிட ஒரு தலை உயரமான பையனோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) விட்டார்கள். கன்னத்தில் உதை பட்டது. ஹெட்கார்ட் (தலைக்கவசம்) போட்டிருந்ததால் ஒன்றும் ஆகாது என்று மாஸ்டர் சொல்லி, தண்ணீர் கொடுத்து மறுபடியும் இறக்கினார். வீட்டுக்கு வந்து வாந்தி, வெளிச்சம் பார்த்தால் தலைவலி. டாக்டர் மூளை அதிர்ச்சி என்றார். கடவுள் புண்ணியத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த வாசலை நாங்கள் மறுபடி மிதிக்கவில்லை.

ஜூடோ_அக்கா

படிக்கவே பதறுகிறது அம்மா. ஹெட்கார்ட் கிழிசலையும் வீக்கத்தையும் குறைக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. தலையில் பட்டு, பிள்ளை தடுமாறினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, தலை வலிக்கிறது என்றாலோ அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மேட். வாந்தி, மயக்கம், வலிப்பு என்றால் நேராக எமர்ஜென்சி. இதில் வாதாடும் மாஸ்டரிடம் எந்தக் குழந்தையையும் விடாதீர்கள். எடையும் உயரமும் பார்க்காமல் ஜோடி சேர்ப்பதும் மன்னிக்க முடியாத காரியம்.

மதுரை_பாண்டி

சிலம்பம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? நம்ம கலை, செலவும் கம்மி.

ஜூடோ_அக்கா

சிலம்பம் அருமையான தொடக்கம் அண்ணா, காலடி வைப்பு அதில் வருவது மாதிரி வேறெதிலும் வராது. பெரிய வீரர்களும் ஏதோ ஒரு கலையில் ஊறிவிட்டுத்தான் எம்எம்ஏவுக்கு வந்தார்கள். 2024-இல் யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண்ணான பூஜா தோமர் வூஷு என்ற சீனச் சண்டைக் கலையில் வளர்ந்தவர். இன்னொரு எம்எம்ஏ வீராங்கனை ரித்து போகட் மல்யுத்தத்திலிருந்து வந்தவர். எட்டு வயதில் எல்லாவற்றையும் கலந்து படிக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

கோவை_அப்பா

ரொம்ப நன்றி மேடம். நேற்று போய் உட்கார்ந்து பார்த்தேன். விழுவதற்குத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள், தலையில் அடி கிடையாது என்றும் சொன்னார்கள். கழுத்துப் பிடி, கை மடக்குவது எல்லாம் இந்த வயதில் உண்டா? வருடக் கடைசியில் போட்டிக்கும் அனுப்புவார்களாம்.

ஜூடோ_அக்கா

நல்ல செய்தி சார். கழுத்து நெரிப்பு இந்த வயதில் வேண்டாம், கறாராகச் சொல்லிவிடுங்கள். கையை மடக்கும் ஆர்ம் பாரும் இப்போது தேவையில்லை. வளரும் பிள்ளையின் எலும்பு முனையில் இன்னும் இறுகாத குருத்துப் பகுதி இருக்கும், வெடுக்கென்று இழுத்தால் அடி முதலில் அங்கேதான் விழும். எதிராளியை அமுக்கிப் பிடிப்பது, அடியிலிருந்து தப்பித்து வெளியே வருவது, இந்த இரண்டே இப்போதைக்குத் தாராளம்.

போட்டியை ஒத்திப்போடுங்கள். ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசிய தனிநபர் ஜூடோ போட்டியையே 2022-இல் நிறுத்திவிட்டார்கள். அந்த வயதுப் பிள்ளைகளை எடை குறைக்க வைத்தார்கள், பெற்றோர்கள் நடுவரைத் திட்டினார்கள். எடை குறைக்கணும் என்ற வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும் உடனே மறுத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். நம்ம ஊர் வியர்வைக்குப் படர்தாமரை மேட்டில் சுலபமாகப் பரவும். தினமும் கிருமிநாசினி போட்டு மேட்டைத் துடைக்கிறார்களா என்று கேளுங்கள், பையன் வந்தவுடன் குளிக்கட்டும், நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும். பெற்றோர் உள்ளே உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று என்றைக்காவது சொன்னால், காரணமே கேட்க வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.