வி.எம்.ல எக்ஸ்பி நீலத்திரை: இன்டெல்பிபிஎம் பார்த்தவங்க சொல்லுங்க

பேட்டைக்காரன்:
இங்க ஒரு அரிசி மில். பில்லிங் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸ் எக்ஸ்பியிலதான் ஓடும். பழைய இன்டெல் மிஷின் டிஸ்க்கை இமேஜ் (அப்படியே முழு நகல்) எடுத்து ஏஎம்டி சர்வர்ல வி.எம்.மா (சர்வருக்குள்ள ஓடுற மெய்நிகர் கம்ப்யூட்டரா) ஏத்தியாச்சு. லோகோ வரும், பட்டுனு நீலம், உடனே ரீஸ்டார்ட். படிக்கவே விடல. எஃப்8 தட்டி ‘டிசேபிள் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்’ கொடுத்ததும் நின்னுது: ஸ்டாப் 7ஈங்கிற பிழை எண், அதுக்குக் கீழ இன்டெல்பிபிஎம்.சிஸ் (இன்டெல் பிராசசருக்கான விண்டோஸ் டிரைவர்). மில் வாசல்ல லாரி லோடோட நிக்கு, பில் இல்லாம நகராது. சேஃப் மோடுல போய் ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸ் தன் செட்டிங்கை எல்லாம் வைக்கிற இடம்) சர்வீசஸ், இன்டெல்பிபிஎம், அதுல ‘ஸ்டார்ட்’ மதிப்பை 4 (அதாவது டிரைவரை அணைக்கிற எண்) ஆக்கினதும் சுத்தமா பூட் ஆச்சு. அந்த ஒத்த எண்ணுதான்.

ஆலங்குளத்தான்:
அண்ணாச்சி, அட்மின் பாஸ்வேர்டு தெரிஞ்சாத்தான் உங்க வழி. ரெக்கவரி கன்சோல்ல (விண்டோஸ் ஏறாமலே கமாண்டு அடிக்கிற இடம்) ‘டிசேபிள் இன்டெல்பிபிஎம்’னு ஒரு வரி போதும்பாங்க, அதுவும் பாஸ்வேர்டு கேக்கும். இங்க வந்த கேஸ்ல பாஸ்வேர்டு யாருக்கும் தெரியல. விர்ச்சுவல் டிஸ்க்கை வேற விண்டோஸ் வி.எம்.ல ரெண்டாவது டிஸ்க்கா மாட்டி, ரெஜெடிட்ல (ரெஜிஸ்ட்ரியைத் திருத்துற புரோகிராம்) ‘லோடு ஹைவ்’ (வெளி ரெஜிஸ்ட்ரி ஃபைலை ஏத்துற மெனு) கொடுத்து, விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் உள்ள இருக்க ‘சிஸ்டம்’ ஃபைலைத் திறந்தாச்சு. கவனம்: அதுல ‘கரன்ட்கன்ட்ரோல்செட்’ (ஓடுற விண்டோஸ் இப்போ பயன்படுத்துற செட்டிங் தொகுப்பு) இருக்காது. ‘செலக்ட்’ கீயில ‘கரன்ட்’ 1னா கன்ட்ரோல்செட்001, 2னா 002. தப்பான செட்ல மாத்திட்டு ‘போகல, போகல’ன்னு உக்காந்திருப்பாங்க. முடிஞ்சதும் ‘அன்லோடு ஹைவ்’ கொடுத்துட்டுத்தான் டிஸ்க்கைக் கழட்டணும்.

தாமிரபரணி:
ஏஎம்டி சர்வர்தான் காரணம்னு முடிவு கட்டாதீங்க. இன்டெல் சர்வர் மேலயும் விழும். இந்த டிரைவர் வேலையே பிராசசர் வேகத்தை ஏத்தி இறக்குறது. அதுக்கு எம்எஸ்ஆர்னு சொல்லுற பிராசசர் ரெஜிஸ்டர்களைத் தொடும். வி.எம்.க்குள்ள அந்த ரெஜிஸ்டர் இல்லன்னா ஹைப்பர்வைசர் (வி.எம்.மை ஓட்டுற மென்பொருள்) ஃபால்ட் கொடுக்கும், கெர்னல் (விண்டோஸோட மையப் பகுதி) அங்கேயே சாயும். வேகத்தைப் பார்த்துக்கிறது ஹோஸ்ட் (அடியில இருக்க நிஜ சர்வர்). அதனால கெஸ்ட்ல (வி.எம்.க்குள்ள ஓடுற விண்டோஸ்ல) அணைச்சா ஒரு நட்டமும் இல்ல.

கேவிஎம்ல (லினக்ஸோட ஹைப்பர்வைசர்) ‘இக்னோர்_எம்எஸ்ஆர்ஸ்’ (இல்லாத எம்எஸ்ஆரைத் தொட்டாலும் கண்டுக்காம விடுற செட்டிங்) 1 வச்சாப் போதும்னு சிலர் சொல்லுதாங்க. வேண்டாம். அது அந்த ஹோஸ்ட்ல இருக்க எல்லா வி.எம்.க்கும் சேர்த்து ஆகும், நிஜக் கோளாறையும் மறைக்கும். நோயாளி கெஸ்ட், மருந்தும் கெஸ்டுக்கே கொடுங்க. இன்னொண்ணு, ஸ்டாப் 7பி வந்தா இந்த வழி ஒத்து வராது. அது டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவர் இல்லாத கேஸ், வி.எம். செட்டிங்ல டிஸ்க்கை ஐடிஈக்கு (பழைய வகை டிஸ்க் இணைப்பு) மாத்திப் பாருங்க. முடிஞ்சா பழைய மிஷின் உயிரோட இருக்கும்போதே இன்டெல்பிபிஎம்மை அணைச்சுட்டு அப்புறம் இமேஜ் எடுங்க, பாதிச் சிக்கல் வராது.

பேட்டைக்காரன்:
கமாண்டுல அணைக்கிறவங்க ‘எஸ்சி கான்ஃபிக் இன்டெல்பிபிஎம் ஸ்டார்ட்= டிசேபிள்டு’ல சமக்குறிக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் விடணும், விடலன்னா ஏத்துக்காது. மாத்துறதுக்கு முன்னாடி ‘ஸ்டார்ட்’ல இருந்த பழைய எண்ணைக் குறிச்சு வச்சுக்கோங்க. அதே இமேஜை நிஜ மிஷினுக்குத் திருப்பினா அதைத்தான் போடணும்.